ராமர் பச்சையில் ஒரு மீட்டர்

வெட்டிய துணி திரும்பப் பெறப்பட மாட்டாது.

இந்த ஒரு வரியை நம்பித்தான் தி.நகரில் பாதிக் கடைகள் நடக்கின்றன. சக்திவேலின் மேட்சிங் சென்டரிலும் அந்த வரி உண்டு. பச்சைப் பலகை, சிவப்பு எழுத்து. கலர் விற்கிறவன் போர்டிலேயே கலர் காட்ட வேண்டாமா என்பது சக்திவேலின் கட்சி. உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் ஜாக்கெட் பிட்டும் லைனிங்கும் ஃபாலும் விற்றுத்தான் அவர் தன் மகளை முனைவர் பட்டத்தின் வாசல் வரை கொண்டுவந்து விட்டிருந்தார்.

அந்த மகள் ஷண்முகப்ரியா, தீபாவளிக்கு முந்தைய ஒரு மழை மதியத்தில், அப்பா சாப்பிடப் போன நேரம், கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். லைனிங் துணிக்கட்டின் மேல் லேப்டாப். லேப்டாப்பில் ஆய்வுக் கட்டுரை. மேட்சிங் சென்டர் சேல்ஸ்மேன்கள் நிறங்களுக்கு என்னென்ன பேர் வைக்கிறார்கள், ஒரு பச்சையை இன்னொரு பச்சையிலிருந்து எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது விஷயம். ஆராய்ச்சிக்காக அவள் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. தலையை நிமிர்த்தினால் போதும்...

நிமிர்த்தினாள்.

எதிரே ஒருவன். மழைத் தண்ணீர் அவன் முடியிலிருந்து மூக்குக்கும், மூக்கிலிருந்து அவளுடைய கவுண்டருக்கும் சொட்டிக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும்... ஊரே நனைந்து கிடக்கையில் அந்த இரண்டில் மட்டும் யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரி... சீ, வியாபார நேரத்தில் என்ன இது என்று மனசை அதட்டி உட்கார வைத்தாள்.

அவன் ஒரு மீட்டர் துணியை மேஜையில் வைத்தான். அம்மா கேட்டது அரக்கு, கடையில் கொடுத்தது வேறு, மாற்றித் தர வேண்டும் என்றான். குரலில் கெஞ்சல் இல்லை. நியாயம் கேட்கிற தோரணை. ப்ரியாவுக்கு அந்தத் தோரணை பிடிக்கவில்லை. குரல் பிடித்தது.

சீனியர் சேல்ஸ்மேன் வலியுல்லா எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், நீங்கதானே கை காட்டி இதான்னீங்க. இதுவா சார்னு திருப்பிக் கேட்டேனே. வெட்டு வெட்டுன்னீங்க."

ப்ரியா போர்டைக் காட்டினாள். அவன் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "எந்த போர்டு?" என்றான்.

நக்கலா... இத்தனை பெரிய போர்டை வைத்துக்கொண்டு எந்த போர்டா... அவளுக்குச் சுருக்கென்றது. கூட்டம் வேறு வேடிக்கை பார்த்தது. கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்குக் கூட்டம் கூடினால் நாக்கில் தானாக மிளகாய் ஏறிவிடும்.

"ஏன் சார், அரக்குக்கும் ராமர் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாமலா ஒருத்தர் துணி வாங்க வருவாரு? எல்.கே.ஜி. பிள்ளை சொல்லுமே."

நான்கைந்து பெண்கள் சிரித்தார்கள். அவன் முகத்தில் என்னவோ ஒன்று சட்டென்று ஷட்டரை இறக்கியது. ராமர் பச்சையை அங்கேயே விட்டுவிட்டு, மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். குடை கூட இல்லை.

போனால் போகட்டும் என்று லேப்டாப் பக்கம் திரும்பினாள். அன்று முழுவதும் ஒரு பத்தி நகரவில்லை. வலியுல்லா அந்தத் துணியை மடித்து ஷெல்ஃபில் சொருகியபோது, அதை அங்கேயே வைக்கச் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அனுபவஸ்தர்.

*

அடுத்த வாரம் அவளுடைய கட்டுரை திரும்பி வந்தது.

அடையாறில் ஒரு கல்லூரியில் கருத்தரங்கு. அதன் தொகுப்பு நூலில் கட்டுரை வந்தால்தான் அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். இந்தத் தடவை விட்டால் ஒரு வருஷம் போச்சு. வந்த மின்னஞ்சலில் ஒரே வரி: வடிவமைப்பு விதிகளைப் பின்பற்றவில்லை, பக்க வரம்பு பன்னிரண்டு, உங்களுடையது பத்தொன்பது. கீழே, தொகுப்புக் குழு, ஜவஹர், புள்ளியியல் துறை.

அவளுடைய கணினியில் பதினைந்துதான் வந்தது. பத்தொன்பது எப்படி ஆகும்? இடையில் நாலு பக்கத்தை எவன் சொருகினான்? நேரிலேயே கேட்டுவிடுவது என்று பஸ் ஏறினாள்.

புள்ளியியல் துறையில், ஜன்னலோரக் கணினியின் முன்னால்... அந்தக் கண்கள்.

வெளியே மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அவன்தான் முதலில் நாற்காலியைக் காட்டினான். அரக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுடைய கோப்பைத் திறந்து, மேலே ஒரு பொத்தானை அமுக்கினான். மறைந்திருந்த குறிகள் எல்லாம் எழுந்து நின்றன. திரை முழுக்கப் புள்ளிகள்.

"மேடம், இது கட்டுரையா... மார்கழிக் கோலமா?"

ஒவ்வொரு புள்ளியும் அவள் ஸ்பேஸ் பாரில் வைத்த ஒரு தட்டு. தலைப்பை நடுவில் நிறுத்த ஸ்பேஸ். பத்தியை உள்ளே தள்ள ஸ்பேஸ். அடுத்த பக்கம் போக எண்டர், எண்டர், எண்டர். அவள் கணினியில் ஒழுங்காக உட்கார்ந்திருந்ததெல்லாம் அவன் கணினிக்கு வந்ததும் வழுக்கி ஓடியிருந்தது. அட்டவணையின் தலைப்பு ஒரு பக்கத்தின் அடியில், அட்டவணை அடுத்த பக்கத்தின் உச்சியில்... வீட்டில் பிரித்து வைத்த காதலர்கள் மாதிரி.

ப்ரியாவுக்குக் காது சூடாயிற்று. ஆனால் சரணடைவது ரத்தத்தில் இல்லை. புள்ளிகளை எடுத்துவிடலாம், பக்கம் பதினேழு என்று ஆரம்பித்தாள். அவன் பன்னிரண்டு என்றான். பதினாறு என்றாள். பன்னிரண்டு. அடிக்குறிப்பைச் சின்ன எழுத்தாக்கிக்கொண்டு பதினைந்து, கடைசி என்றாள். அவன் சிரிக்காமல், தன் குடும்பத்துக்கு மயிலாப்பூரில் பாத்திரக்கடை, கடைசி என்ற சொல்லைத் தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்தவன் என்றான்.

சரி, இதற்கும் ஒரு வைத்தியம் உண்டு. பையை எடுத்துத் தோளில் போட்டாள். விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். எந்தக் கடைக்காரரும் வாசல்படி தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிடுவார். வாசல் வந்தது. குரல் வரவில்லை. வராந்தா... இல்லை. மாடிப்படி... கல்நெஞ்சக்காரன். முதல் படியில் காலை வைத்தபோது பின்னால் குரல் கேட்டது.

"மேடம்..."

வெற்றி. அலட்சியமாகத் திரும்பினாள்.

"குடையை விட்டுட்டுப் போறீங்க."

அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க இன்னும் வந்தது. அவனும் சிரித்தான். போன வாரம் மூடிய ஷட்டர் பாதி ஏறியது. பன்னிரண்டுக்கே முடிந்தது பேரம். ஆனால் வேலையைக் கூட உட்கார்ந்து முடித்துத் தர வேண்டும் என்பது அவள் போட்ட கொசுறு.

*

அப்புறம் மழையும் நிற்கவில்லை, அவள் அடையாறு போவதும் நிற்கவில்லை.

தலைப்புக்கு ஒரு ஸ்டைல், துணைத்தலைப்புக்கு ஒரு ஸ்டைல் என்று அவன் சொல்லிக் கொடுத்தான். ஒரு இடத்தில் மாற்றினால் கட்டுரை முழுக்க மாறும் என்றபோது, இந்த வசதி என் அப்பாவிடம் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அவள் பெருமூச்சு விட்டாள். பக்க எண் ஏன் மூன்றிலிருந்து ஆரம்பிக்க மறுக்கிறது என்று இரண்டு பேரும் ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டார்கள். பக்க எண்ணை யாரும் கவனிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அவளுடைய வண்ண வரைபடங்களை எல்லாம் அவன் கோடு, புள்ளி, கட்டம் என்று மாற்றினான். ஏன் என்று கேட்டதற்கு, அச்சு கறுப்பு வெள்ளைதானே என்றான். சரிதானே என்று அவளும் விட்டுவிட்டாள். அவள் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போனால் நன்றாயிருக்கிறது என்பான். கலரை மட்டும் சொல்ல மாட்டான். வெட்கம் போல என்று அவள் எடுத்துக்கொண்டாள். காதலிக்க ஆரம்பித்த பெண்ணுக்கு எதைப் பார்த்தாலும் வெட்கம்தானே...

சாயங்காலம் டெப்போ வரை ஒரே குடையில் நடப்பார்கள். குடை அவள் பக்கமே சாய்ந்திருக்கும். பஸ் ஏறித் திரும்பிப் பார்த்தால் அவனுடைய ஒரு தோள் மட்டும் நனைந்திருக்கும். அந்த ஈரத் தோள் அவளோடு தி.நகர் வரைக்கும் வந்தது.

கடைசி வெட்டு மட்டும் பாக்கி. இன்னும் நாலு பக்கம் குறைய வேண்டும். தீபாவளி நெருக்கத்தில் லேப்டாப்பைத் திறக்கக் கடையில் இடம் ஏது... பிரிண்ட் எடுத்த தாளில், பில் போடும் பேனாக்களாலேயே ஓரத்தில் கோடு போட்டாள். சிவப்புக் கோடு போட்டதை எடுத்துவிடுங்கள், பச்சைக் கோடு போட்டது இருக்கட்டும் என்று முதல் பக்கத்தில் எழுதி, மயிலாப்பூர் பாத்திரக்கடைக்குக் கொடுத்தனுப்பினாள்.

அந்தத் தாளை ஜவஹர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். எல்லாக் கோடும் ஒரே கோடு.

கேட்கலாம். ஒரு ஃபோன் போதும். எடுத்தான். பேரையும் தேடி வைத்துவிட்டான். 'எல்.கே.ஜி. பிள்ளை சொல்லுமே' என்ற குரலும், அந்தச் சிரிப்பும் காதுக்குள் வந்தன. இத்தனை நாள் கழித்து, இத்தனை தூரம் வந்த பிறகு... அவளிடமா போய் இதைச் சொல்வது... ஃபோனை வைத்துவிட்டான். கொஞ்சம் அழுத்தமாகத் தெரிந்த கோடுகள்தான் சிவப்பு என்று தானே முடிவு செய்தான். அச்சகத்துக்குக் கோப்பு போயிற்று.

*

இறுதி மெய்ப்பைத் திறந்த ப்ரியாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

வலியுல்லா சொன்ன நிறப் பெயர்கள் இல்லை. மயில்கழுத்தை வெயிலில் ஒரு பேரும் டியூப்லைட்டில் ஒரு பேரும் சொல்லும் அப்பாவின் பேச்சு இல்லை. கடை முழுக்கக் காணாமல் போயிருந்தது. மிச்சமிருந்ததெல்லாம் பத்துப் புத்தகம் பார்த்து அவள் எழுதிய தத்துவம். அவளுக்கே கொட்டாவி வரவழைக்கிற பக்கங்கள்.

அடையாறுக்கு ஆட்டோ பிடித்தாள்.

கடைப்பேச்செல்லாம் ஆராய்ச்சிக்கு ஆகாது என்று நினைத்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். பாத்திரக்கடையிலிருந்து வந்தவருக்குத் துணிக்கடை இளப்பமாகிப் போச்சா என்று கேட்டாள். அவன் வெளுத்த முகத்தோடு நின்றான்.

"என் தப்புதான் ப்ரியா. அச்சை நிறுத்தி வைக்கச் சொல்றேன்."

"ஏன் பண்ணீங்க? அதைச் சொல்லுங்க."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். ஜன்னலைப் பார்த்தான். அவள் இந்தத் தடவை நிஜமாகவே வாசல் தாண்டினாள், வராந்தா தாண்டினாள், படி இறங்கினாள். குடையை மறக்கவில்லை.

கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்து, அழுகையை அடக்க அந்தப் பாழாய்ப்போன மெய்ப்பையே மறுபடி படித்தாள். திருத்தம் செய்தாக வேண்டுமே... ஏழாம் பக்கத்தில் கண் நின்றது. இது வேண்டாம் என்று அவளே சிவப்பில் கோடு போட்ட பத்தி. தப்பிப் பிழைத்து நடுப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

'ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிறவியிலேயே வேறுபட்டுத் தெரிவதில்லை. பலர் இதை வெளியே சொல்வதும் இல்லை.'

எழுதியது அவள்தான். புத்தகம் பார்த்து எழுதியது. எழுதிவிட்டு, அநாவசியம் என்று வெட்டச் சொன்னதும் அவளேதான்.

மெல்லத் தலையை நிமிர்த்தினாள். எதிரே போர்டு. பச்சையில் சிவப்பு. 'எந்த போர்டு?' என்று அவன் கேட்டது நக்கல் இல்லை. ஷெல்ஃபில் சொருகியிருந்த ராமர் பச்சை. கோடும் புள்ளியுமாக மாறிய வரைபடங்கள். கலர் சொல்லாத பாராட்டுகள். ஓரத்தில் அவள் போட்ட கோடுகள்... ஐயோ, நிறத்தைப் பற்றி இத்தனை வருஷம் படித்தேனே... கண்ணெதிரே நின்ற ஒரு மனுஷனைப் படிக்கவில்லையே. நாலு பேர் முன்னால் சிரிக்க வேறு வைத்தேனே...

கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். கூட்டம், தீபாவளி, எதுவும் காதில் விழவில்லை. எடுக்க வேண்டிய வரிகளின் நடுவே கோடு இழுத்தாள். இருக்க வேண்டியதைத் தடித்த எழுத்தாக்கினாள். கலர் என்று ஒரு துளி இல்லை. அனுப்பும்போது ஒரே ஒரு வரி எழுதினாள். 'குறுக்கே கோடு இருந்தா எடுத்துடுங்க, தடிமனா இருந்தா விட்டுடுங்க. இனிமே எப்பவும் இப்படித்தான் அனுப்புவேன்.'

அப்புறம் இன்னொரு வேலை இருந்தது. புது ஆவணம் ஒன்றைத் திறந்தாள். ஒரே வரி. ஸ்பேஸ் பார் தொடாமல், முறையாக நடுவில் நிறுத்தினாள்.

*

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. கடை திறந்து, சக்திவேல் ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தபோதே ஜவஹர் வந்துவிட்டான். கையில் அம்மா பேச்சியம்மாளின் சேலை, கவரில்.

உள்ளே காலை வைத்தவன் அப்படியே நின்றான்.

பச்சை போர்டு போயிருந்தது. அந்த இடத்தில் வெள்ளைத் தாளில் கொட்டை கொட்டையாய்க் கறுப்பு எழுத்து. அவன் வாய்விட்டுப் படித்தான், ஒவ்வொரு சொல்லாக, புதிதாய் எழுத்துக்கூட்டுகிறவன் மாதிரி.

"வெட்டிய... துணி... திரும்பப்... பெறப்பட... மாட்டாது."

சக்திவேல் மகளைப் பார்த்தார். முப்பது வருஷ போர்டை ஏன் கழற்றினாய் என்று நேற்றே கேட்டிருந்தார். பதில் இப்போது நடந்து வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார்.

ஜவஹர் கல்லா அருகே வந்தான். சேலையை மேஜையில் வைத்தான்.

"எனக்கு சிவப்பும் பச்சையும் தெரியாது ப்ரியா. ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். சின்ன வயசுலேர்ந்தே. வீட்ல கூடச் சொன்னதில்ல, எனக்கு கவனம் பத்தாதுன்னுதான் அம்மா திட்டும். உங்ககிட்ட சொல்ல ஃபோனை எடுத்தேன்..."

"எல்.கே.ஜி.ன்னு நான் சொன்னது ஞாபகம் வந்துச்சு. அதானே?"

அவன் தலையை ஆட்டினான்.

"அது என் தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னேன். அதனால எல்லார் முன்னாடியும் கேட்டுக்கறேன். மன்னிச்சிடுங்க."

வலியுல்லா கத்தரிக்கோலைத் தேடுவது போல மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார். சக்திவேல் ஊதுவத்தியைக் காட்டிய படத்துக்கே மறுபடியும் காட்டினார்.

ப்ரியா தன் துப்பட்டாவின் நுனியைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது என்ன கலர்?"

அவன் பார்த்தான். இவ்வளவு காலம் இந்தக் கேள்வி வந்தால் ஏதாவது ஒன்றை உளறிவிட்டு நகர்ந்துவிடுவான். இப்போது நகரவில்லை.

"தெரியலை," என்றான். சொன்ன பிறகு அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், ஷட்டர் முழுசாய் ஏறிய முகம். "ஆனா டெப்போக் கூட்டத்துல, அத்தனை குடைக்கு நடுவுல, நீங்க எந்தக் கலர்ல வந்தாலும் நீங்கதான்னு தெரியுது. தூரத்துலயே..."

அவள் கண்ணில் மறுபடி மழை வரப் பார்த்தது. விடவில்லை. வியாபார நேரம்.

"ஆயுசுக்கும் கூட இருந்து கலர் சொல்ல ஒருத்தர் வேணும் ப்ரியா. உங்களைத்தான் கேக்கறேன். இதுல நான் பேரம் பேச மாட்டேன்."

"நான் பேசுவேனே..."

"என்னன்னு?"

"குடையை நேராப் பிடிக்கணும். உங்க தோள் நனையக் கூடாது. அவ்வளவுதான்... கடைசி."

சக்திவேல் தொண்டையைச் செருமினார். இரண்டு பேருக்கும் அப்போதுதான் அது கடை என்று ஞாபகம் வந்தது. அவர் கவரிலிருந்து சேலையை எடுத்து விரித்தார், ஜரிகையை விரலால் நெருடிப் பார்த்தார், பையனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பது வருஷமாகத் துணி பார்த்த கண். சாயம் போகாது என்று அதற்குப் பட்டிருக்க வேண்டும்.

"தம்பி, சாயங்காலம் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. இதெல்லாம் பெரியவங்களும் கூட இருந்து பார்த்தாத்தான் சரியா அமையும்," என்றார்.

வலியுல்லா மேஜைக்கு அடியிலிருந்து எழுந்தார். அரக்குக் கட்டை உருட்டி விரித்து, சேலைப் பக்கத்தில் வைத்து, அளவுகோலைப் பிடித்து, கத்தரிக்கோலை வாய் திறந்து துணியின் விளிம்பில் நிறுத்தினார்.

"இன்னா பாப்பா, வெட்டட்டா? வெட்டுனா வாபஸ் கெடையாது. போர்டுல போட்டுக்கீது."

ப்ரியா ஜவஹரைப் பார்த்தாள். அவன் போர்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"வெட்டுங்க பாய்," என்றாள்.